தட்டுக்கு அடியில் 50 திர்ஹம்

கேள்வி: ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். எங்கள் லாரி டிரைவர் பாகிஸ்தானின் ஸ்வாத் பக்கத்துப் பட்டாண். என்னைவிட மூத்தவர், 'கான் பாய்' என்று கூப்பிடுவோம். போன மாதம் அவர் ரூமுக்கு அழைத்து ஆட்டுக்கறி, ரொட்டி என்று விருந்து வைத்தார். அவர் சம்பளம் எனக்குத் தெரியும். மனசு கேட்காமல், கிளம்பும்போது தட்டுக்கு அடியில் 50 திர்ஹம் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்த நோட்டை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனவர், இன்றுவரை பேசவில்லை. பட்டாண்கள் பழிவாங்காமல் விடமாட்டார்கள் என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், ஷார்ஜா

பதில்: பயத்தை விடுங்கள் தம்பி. நூறு வருஷம் கழித்துப் பழி தீர்த்த பட்டாண், 'அவசரப்பட்டுவிட்டேனே' என்றானாம். இது அவர்களே சொல்லும் பழமொழிதான். ஆனால் அந்தப் பகையெல்லாம் கொலை, நிலத் தகராறு, பெண் விவகாரம் என்று வருவது. உங்கள் கான் பாய்க்கு இருப்பது கோபம்கூட இல்லை, மனத்தாங்கல்.

பட்டாண்களுக்கு, அதாவது பஷ்தூன்களுக்கு, 'பஷ்தூன்வாலி' என்று ஒரு வழக்கம் உண்டு. எழுதிவைத்த சட்டம் கிடையாது, வளரும்போதே ஊறிவிடுவது. அதில் முதல் வரிசையில் நிற்பது 'மெல்மஸ்தியா', அதாவது விருந்தோம்பல். வந்தவர் யார், என்ன மதம் என்று பார்க்காமல், திரும்ப எதையும் எதிர்பார்க்காமல் சோறு போடுவது. ஊரில் இதற்கென்றே 'ஹுஜ்ரா' என்று ஆண்கள் கூடும் விருந்தினர் கொட்டகை இருக்கும். அந்தக் கான் பாய் தன் ரூமைக் கொஞ்ச நேரம் ஹுஜ்ராவாக்கி உங்களை உட்காரவைத்தார். நீங்கள் காசைக் கொடுத்து அதை மெஸ் ஆக்கிவிட்டீர்கள்!

இந்த விருந்தோம்பல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2005 ஜூனில் ஆப்கானிஸ்தானின் குனார் மலையில், தாலிபானோடு நடந்த சண்டையில் காயம்பட்ட மார்கஸ் லட்ரெல் என்ற அமெரிக்கக் கடற்படை வீரர், குலாப் என்ற பட்டாணின் கிராமத்துப் பக்கம் வந்து விழுந்தார். ஆளைக் கொடு என்று தாலிபான் கேட்டது. ஊர் கொடுக்கவில்லை. அமெரிக்கப் படை வந்து மீட்கும்வரை வைத்துக் காப்பாற்றினார்கள். பிற்பாடு மிரட்டல் தாங்காமல் குலாப் ஊரைவிட்டே போக வேண்டிவந்தது.

எல்லாமே இப்படி அழகு என்று சொல்ல மாட்டேன். இரண்டு குடும்பத்துப் பகையைத் தீர்க்க 'ஸ்வாரா' என்று ஒரு பெண்பிள்ளையை எதிராளி வீட்டுக்குக் கட்டிக்கொடுக்கும் கொடுமையும் அங்கே நடந்திருக்கிறது. பாகிஸ்தானில் அது இன்று சட்டப்படி குற்றம். பழிக்குப் பழியை எதிர்த்தவர்களும் அந்த மண்ணிலேயே உண்டு. 1929-இல் 'எல்லைக் காந்தி' கான் அப்துல் கஃபார் கான் தொடங்கிய 'குதாயி கித்மத்கார்' அமைப்பில் சேருகிறவர், வன்முறையில் இறங்கமாட்டேன், பழிவாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும்.

பழிவாங்குவதை அவர்கள் 'பதல்' என்கிறார்கள். அரபியில் மாற்று, ஈடு என்று பொருள். நம்முடைய 'பதில்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இந்தப் பகுதியின் தலைப்பே அதுதானே! தீமைக்கு மட்டுமல்ல, நல்லதுக்கும் பதல் உண்டு. உங்கள் முறை வரட்டும், நீங்கள் ஒருநாள் அவருக்குச் சமைத்துப் போடுங்கள். அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நோட்டாகக் கொடுத்ததுதான் தப்பு.

அதற்கு முன் சமாதானம் ஆகவேண்டும். தப்பு செய்தவன் தானே வாசலேறிப் போவதை 'நனவாத்தே' என்பார்கள். பெரிய பகையென்றால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது வழக்கம். உங்களுக்கு ஆடெல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் 'ஸாரி பாய்' என்று அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், அது போதாது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் ரூமுக்குத் திரும்பிய பிறகு நேரில் போங்கள். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய முறுக்கு ஏதாவது இருந்தால் எடுத்துப்போங்கள். "எங்கள் ஊர்ப் பழக்கத்தில் செய்துவிட்டேன், மனசில் வைக்காதீர்கள்" என்று உங்களுக்கு வந்த இந்தியில் சொன்னால் போதும்.

உடனே ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் வரும். கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார். போதும் என்றால் கிண்ணத்தைக் கையால் மூடிக் காட்டுங்கள். பிள்ளைகள், அப்பா, ஊரில் விளைச்சல் பற்றியெல்லாம் தாராளமாக விசாரியுங்கள். நம் பழக்கத்தில் "வீட்டுல அவங்க எப்படி இருக்காங்க?" என்று மனைவியைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.