பிரீ-மெட் என்னும் உத்தேசம்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸ் மாநிலத்தில் பிளானோவில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கிரீன் கார்டு கிடைத்தது. மகளுக்கு வயது 17. மருத்துவராக வேண்டும் என்கிறாள். இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று கிழக்குக் கரையில் உள்ள பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம். ஆண்டுச் செலவு 92 ஆயிரம் டாலர், அவர்கள் தரும் உதவி 10 ஆயிரம். மற்றொன்று பக்கத்து ரிச்சர்ட்சனில் உள்ள அரசுப் பல்கலைக்கழகமான யு.டி. டாலஸ். அங்கே படிப்புக் கட்டணம் முழுவதும் உதவித்தொகையில் போய்விடும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆண்டுக்கு 15 ஆயிரம் ஆகும். எங்கள் கல்விச் சேமிப்பு 1,80,000 டாலர். மீதியைப் பெற்றோர் கடனாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அவர் யு.டி. டாலஸில்தான் எம்.எஸ். படித்தார். “நான் படித்த இடத்திலேயே அவளும் படிக்கவா இவ்வளவு பாடுபட்டோம்?” என்று கேட்கிறார். பணத்தைப் பார்த்துப் பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்துவிடுவோமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது. மகளைக் கேட்டால் “எதுவானாலும் சரி” என்கிறாள். மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும். பின்னால் பத்தாம் வகுப்பில் மகன் வேறு இருக்கிறான்.

அன்புடன்,
ஆர்.


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்டதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன், ஏனென்றால் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எம்.பி.பி.எஸ். அங்கே கல்லூரியின் பெயர் என்றால் அது மருத்துவக் கல்லூரியின் பெயர். ‘எந்தக் கல்லூரி?’ என்று உறவினர் கேட்பதற்கு அங்கே பொருள் உண்டு. அந்தக் கேள்வியை அப்படியே விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டோம். அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு ஓர் இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு தொடங்குவது. நான்கு ஆண்டு இளங்கலை, நான்கு ஆண்டு மருத்துவக் கல்லூரி, அதன்பின் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை பயிற்சி. இதில் முதல் நான்கு ஆண்டுகளுக்குத்தான் ‘பிரீ-மெட்’ என்று பெயர். அது பெரும்பாலான இடங்களில் ஒரு பட்டமே அல்ல. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல், கொஞ்சம் புள்ளியியல், கொஞ்சம் ஆங்கிலம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ஒருநாள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பேன் என்று ஒரு பிள்ளை மனதில் வைத்திருக்கும் உத்தேசம். இசை படித்தவரும் வரலாறு படித்தவரும்கூட இந்தப் பாடங்களை முடித்துவிட்டு விண்ணப்பிக்கிறார்கள், சேர்கிறார்கள். இந்தப் பாடங்கள் உங்கள் ரிச்சர்ட்சனிலும் உண்டு, கிழக்குக் கரையிலும் உண்டு. கரிம வேதியியல் இரண்டு இடத்திலும் ஒரே கரிம வேதியியல்தான்.

ஆகவே நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது இரண்டு மருத்துவக் கல்லூரிகளை அல்ல. ஓர் உத்தேசத்துக்கு இரண்டு விலைகளை.

மருத்துவக் கல்லூரிகள் முதலில் பார்ப்பவை இரண்டு எண்கள். ஒன்று நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியான ஜிபிஏ, மற்றொன்று எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வு. எம்கேட்டின் மதிப்பெண் 472-இல் தொடங்கி 528-இல் முடியும். பரீட்சை மண்டபத்தில் ஏழரை மணி நேரம் போய்விடும். ஆண்டுதோறும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள், 23 ஆயிரம் பேர் அளவில் சேர்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், எந்த ஜிபிஏவுக்கும் எந்த எம்கேட்டுக்கும் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது என்று ஓர் அட்டவணையை வெளியிடுகிறது. ஜிபிஏ 3.8-ஐ ஒட்டியும் அதற்கு மேலும், எம்கேட் 517-க்கு மேலும் இருந்தால் ஐந்தில் நால்வர் அளவுக்கு இடம் கிடைக்கிறது. இரண்டும் இறங்க இறங்க அந்தக் கட்டங்களில் எண் சரசரவென்று விழுகிறது. உங்கள் கணவரோடு உட்கார்ந்து அந்த அட்டவணையைப் பாருங்கள். அதில் இளங்கலைக் கல்லூரியின் பெயருக்கு ஒரு கட்டமும் இல்லை.

பெயர் கணக்கிலேயே வராது என்று சொன்னால் அது பொய். புகழ்பெற்ற சில தனியார் மருத்துவக் கல்லூரிகளின் முதலாண்டு வகுப்புகளில் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்த எண்களோடுதான் வந்தார்கள். பெயர் அந்த எண்களோடு சேர்ந்து கொஞ்சம் உதவும். எண்கள் இல்லாத இடத்தில் அது கைகொடுப்பதை நான் பார்த்ததில்லை.

இனி என் கதை. என் மூத்த மகளும் பிரீ-மெட் என்றுதான் கிளம்பினாள். கல்லூரிகளைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் ஒரு தனியார் கல்லூரியின் ஆலோசகர் திரையில் ஓர் எண்ணைக் காட்டினார்: எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேர் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே காசோலை எழுதப்பட்டுவிட்டது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. 90 சதவீதம் என்றால் எத்தனை பேரில்?

அது எப்படி நடக்கிறது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சில கல்லூரிகளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு ஒரு குழு சேர்ந்து பரிந்துரைக் கடிதம் எழுதும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு அந்தக் குழு கடிதம் தருவதில்லை, அல்லது ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்று தணிவாகச் சொல்லி அனுப்பிவிடும். அந்தப் பிள்ளை விண்ணப்பிக்காது, கணக்கிலும் வராது. முதலாண்டில் மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்தவர்கள் மூன்றாமாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடுகிறார்கள். மிஞ்சியவர்களை வைத்துத்தான் அந்தச் சதவீதம். வடிகட்டிய பிறகு டிகாஷன் திக்காக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

என் மகள் கரைந்தவர்களில் ஒருத்தி. இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியலில் ‘சி’. பள்ளியில் முதல் மாணவி, அங்கே எல்லோருமே பள்ளியில் முதல் மாணவர்கள். மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்துத் தேறினாலும் பழைய மதிப்பெண்ணும் சராசரியில் சேரும். ஒருமுறை விழுந்த ‘சி’ மாயாது. அவள் இன்று பொதுச் சுகாதாரத் துறையில் புள்ளிவிவரம் பார்க்கிறாள், மகிழ்ச்சியாக இருக்கிறாள். அவள் மனம் மாறியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மாற்றத்துக்கு நான் கொடுத்த விலைதான் இன்னும் மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது. கோவில் கேன்டீனில் ‘பொண்ணு எங்கே படிக்கிறா?’ என்று கேட்டபோதெல்லாம் அந்தப் பெயரைச் சொன்னேனே, அதற்கான வாடகை என்று வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கணக்குக்கு வருவோம். கிழக்குக் கரையில் ஆண்டுக்கு 82 ஆயிரம் என்றால் நான்கு ஆண்டில் 3,28,000 டாலர், விலை ஏறாமல் இருந்தால். சேமிப்பு போகக் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் டாலர் கடன் வாங்க வேண்டும். இங்கேதான் உங்கள் கணவருக்குத் தெரியாத ஒன்று இருக்கலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோர் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம், மொத்தம் 65 ஆயிரம் டாலர்தான் அரசிடம் வாங்க முடியும். மகள் பெயரில் அரசுக் கடன் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 27 ஆயிரம். இரண்டையும் கூட்டினாலும் ஒன்றரை லட்சம் வராது. மீதிக்குத் தனியார் வங்கியிடம் போய் நீங்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

அதே சட்டம் மருத்துவக் கல்லூரிக்கான கடனையும் கட்டிப்போட்டிருக்கிறது. முன்பெல்லாம் படிப்புச் செலவு எவ்வளவோ அவ்வளவும் அரசிடமே கடனாகக் கிடைத்தது. இனி ஆண்டுக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் டாலர். ஆண்டுக்கு 90 ஆயிரம், ஒரு லட்சம் என்று கேட்கும் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தால், இடைவெளியை யார் நிரப்புவது? இளங்கலைக்கே எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிட்ட பெற்றோரா?

யு.டி. டாலஸ் என்றால் நான்கு ஆண்டுக்கு 60 ஆயிரம். 1,20,000 டாலர் கையில் நிற்கும். டெக்சாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலரை ஒட்டித்தான் இருக்கிறது. நாட்டிலேயே மலிவானவற்றில் இவையும் அடக்கம். அந்தக் கல்லூரிகள் 90 சதவீத இடங்களை மாநிலத்தவருக்கே தர வேண்டும் என்பது விதி. அதாவது, பிளானோவில் வீடு வாங்கியபோதே நீங்கள் அறியாமல் ஒரு பெரிய உதவித்தொகையையும் வாங்கிவிட்டீர்கள். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: மகள் கிழக்கே போனாலும் நீங்கள் இங்கேயே இருக்கும்வரை டெக்சாஸ்காரி என்ற தகுதி பொதுவாகப் போய்விடாது. ஆனால் அந்தத் தகுதியைப் பயன்படுத்தக் கையில் பணமும் இருக்க வேண்டுமே. உங்கள் சேமிப்பு 529 என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கில் இருந்தால் மிச்சத்தை அப்படியே மருத்துவக் கல்லூரிக்குப் பயன்படுத்தலாம், தம்பியின் பெயருக்கும் மாற்றலாம்.

யு.டி. டாலஸை உங்கள் கணவர் பொறியாளர்களின் கல்லூரியாக நினைத்துக்கொண்டிருக்கிறார். தவறில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனர்கள் தொடங்கிய ஓர் ஆய்வு மையம்தான் 1969-இல் பல்கலைக்கழகமானது. முதலாண்டு இளங்கலை மாணவர்களை 1990-இல்தான் சேர்க்கத் தொடங்கினார்கள். எம்.எஸ். படிக்க வந்த நம்மவர்களுக்கு அதன் ஒரு முகம்தான் தெரியும். அடுத்துள்ள டாலஸ் நகரில் யு.டி. சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையம் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே பார்க்லேண்ட் மருத்துவமனை. பிரீ-மெட் மாணவிக்கு ஆய்வகமும் நோயாளிகளின் அருகாமையும் எவ்வளவு முக்கியம் என்பது விண்ணப்பம் எழுதும்போதுதான் உறைக்கும். மருத்துவரோடு கூடவே நடந்து பார்த்த மணிநேரம், தன்னார்வப் பணி, ஆய்வு என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். மதிப்பெண்ணோடு ஒப்பிட இவை சில்லறை என்று நினைக்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது. சேரும்போது அவளுக்கென ஒரு கேள்வி உண்டு. பள்ளியிலேயே எழுதிய கல்லூரித் தரத் தேர்வுகளான ஏ.பி. தேர்வுகளைக் காட்டி வேதியியலைத் தாண்டிவிடலாம் என்று ஆசை வரும். வெளிமாநில மருத்துவக் கல்லூரிகள் பல அதை ஏற்பதில்லை. தாண்டினால் அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் அரசுப் பல்கலைக்கழகமே மலிவு என்று பொதுவாகச் சொல்லவில்லை. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு, பெரும் நிதி வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகம்தான் பல நேரங்களில் மிக மலிவாக முடியும். ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விலைப்பட்டியலைப் பார்த்துப் பயப்படாமல் அதில் உங்கள் எண்களைப் போடுங்கள். டெக்சாஸில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜேம்ப் என்ற திட்டமும் உண்டு. தேர்வாகி நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவக் கல்லூரியில் இடமே உறுதி. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் நிலை வேறு: அரசுக் கல்விக் கடன் கிடையாது, பல மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை, 21 வயதானால் அந்த விசாவும் முடிந்துவிடும். அந்தப் பெற்றோர் கல்லூரியைத் தேர்வதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. உங்களுக்கு அந்தக் கவலை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்தது, அதன் மதிப்பு உங்களுக்கே தெரியும்.

என் பதில் யு.டி. டாலஸ். அவள் மருத்துவராகாவிட்டாலும் அந்தப் பதில் மாறாது. அதனால்தான் அதைச் சொல்கிறேன். பதினேழு வயதில் மருத்துவம் என்றவர்களில் பலர் இருபதில் வேறொன்று சொல்கிறார்கள், அது தோல்வி அல்ல. ஒரு லட்சத்துக்கு மேல் கடன் தலைமேல் இருக்கும்போது அந்த வேறொன்றைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். என் மகள் அதைச் சொல்ல ஓராண்டு எடுத்துக்கொண்டாள். அந்த ஓராண்டும் வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் நன்றாகப் படிக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உங்கள் மகளின் “எதுவானாலும் சரி” எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கம் நிற்கும்போது பெண்பிள்ளைகள் சொல்லும் வாக்கியம் அது. அப்பா இல்லாத நேரத்தில், காரில் போகும்போது, நீங்களும் சாலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அவளுக்கு அந்தக் கல்லூரி வேண்டுமா, வீட்டைவிட்டுத் தூரமாகப் போக வேண்டுமா, இரண்டில் எது என்று. தூரம்தான் வேண்டுமென்றால் அதற்கு ஒன்றரை லட்சம் டாலர் கடன் தேவையில்லை. யு.டி. டாலஸ் விடுதியில் ஓர் அறை எடுத்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் சாம்பார் டப்பாவோடு போய் நிற்காமல் இருந்தாலே போதும்.

அன்புடன்.