முனைவுற்ற கற்றை படித்தால் வேலை கிடைக்குமா?

அணுவினும் சிறிய துகள்களை அதிவேகத்தில் மோதவிடும் துகள் மோதிகளில் பயன்படும் முனைவுற்ற கற்றைகளில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்கிறார் உங்கள் மகள். இவ்வளவு குறுகிய துறையில் போய் மாட்டிக்கொள்வாரோ என்று கேட்கிறீர்கள். தலைப்பு குறுகியதுதான். அதற்குள் இருக்கும் வேலை அப்படியல்ல.

முதலில் அவரை ஈர்த்தது எது என்று பாருங்கள். ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஸ்பின் உண்டு; சிறு பம்பரத்தின் சுழற்சி போல, ஒரு திசை கொண்ட பண்பு அது. சாதாரணக் கற்றையில் அது தாறுமாறாக இருக்கும். பெரும்பாலானவற்றை ஒரே பக்கம் திருப்பிவிட்டால் கற்றை முனைவுற்றதாகிறது. இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளில் ஒன்றான பலவீன விசை, ஸ்பின் பயணத் திசைக்கு எதிராக இருக்கும் இடக்கை எலக்ட்ரானையும் அதே திசையில் இருக்கும் வலக்கை எலக்ட்ரானையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஆகவே ஸ்பினை மாற்றி மாற்றி மோதவிட்டு வித்தியாசத்தை அளந்தால், அந்த விசையின் குணம் பிடிபடும். 1990களில் ஸ்டான்ஃபோர்டின் எஸ்எல்சி மோதி இதைத்தான் செய்தது. பலவீன விசையைக் கடத்தும் இசட் துகள்களில், ஜெனீவாவின் லெப் மோதி சேர்த்தவை ஏறத்தாழ 1.7 கோடி; எஸ்எல்சி சேர்த்தவை சுமார் 5 லட்சம். அப்படியும், பலவீன விசையும் மின்காந்த விசையும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று சொல்லும் பலவீனக் கலப்புக் கோணத்துக்கு அந்தக் காலத்தின் மிகத் துல்லியமான தனி அளவீட்டைத் தந்தது எஸ்எல்சிதான். அதன் எலக்ட்ரான் கற்றையில் முனைவாக்கம், அதாவது ஸ்பின்கள் ஒரே பக்கம் திரும்பியிருக்கும் அளவு, 75 சதவீதத்தை எட்டியிருந்தது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் சாதனை இது.

சரி, அந்த 75 சதவீதம் எப்படி வந்தது? உங்கள் கவலைக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கேலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்திப் படலத்தின்மேல், மின்புலம் சுழன்றுகொண்டே செல்லும் வட்ட முனைவுற்ற லேசர் ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களை வெளியேற்றினார்கள். அதற்கு லேசர், குறைக்கடத்தி, மீவெற்றிடம் மூன்றும் தெரிந்தவர்கள் வேண்டும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தின் ரிக் மோதியில் புரோட்டான்களின் ஸ்பின் கலையாமல் காக்க 'சைபீரியப் பாம்பு' என்ற மீக்கடத்துக் காந்தங்களை வைத்தார்கள். முனைவாக்கத்தை அளப்பதும் அதன் பிழையைக் கணக்கிடுவதும் தனி வேலை. இவற்றில் கைதேர்ந்தவரைக் குறைக்கடத்தித் தொழிலும், புற்றுநோய் சிகிச்சைக்கான முடுக்கிகளைச் செய்பவர்களும், தரவுப் பகுப்பாய்வுத் துறையும் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் தற்காலிகப் பணிதான். இதை அவரிடம் மறைக்க வேண்டாம். அதே சமயம், புரூக்ஹேவனில் திட்டமிட்டிருக்கும் எலக்ட்ரான்–அயனி மோதியில் எலக்ட்ரான், புரோட்டான் இரண்டையும் சுமார் 70 சதவீதம் முனைவாக்குவது இலக்கு. இந்தத் துறைக்கு இனியும் வேலை இருக்கிறது.

ஆய்வு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் புகழைவிட, அவரது ஆய்வகத்தில் மாணவர்கள் கருவியைத் தொட்டு வேலை செய்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இப்போதே பைத்தானும் சி பிளஸ் பிளஸ்ஸும் பழகட்டும். அப்புறம், முடுக்கி இயற்பியலுக்கென்று நடக்கும் கோடைப் பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பிக்கட்டும். கோட்பாடா, சோதனையா என்ற முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.