வாடிய புல்லுக்கு மருந்து ஏறுமா?

கேள்வி: பண்ருட்டி அருகே செம்மண் நிலத்தில் மார்கழிப் பட்டத்தில் மணிலா (நிலக்கடலை) விதைத்துள்ளேன். மோட்டார் பழுதானதால் பத்து நாள் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை. அந்தக் காய்ச்சலிலேயே, விதைத்த 20ஆம் நாள் புல் களைக்குக் குவிசலோபாப் அடித்தேன். பத்து நாளாகியும் காக்காய்க்கால் புல் சாகவில்லை. மருந்துக் கடையில், அளவை இரட்டிப்பாக்கி மீண்டும் அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: வேண்டாம். குவிசலோபாப் பட்ட இடத்தைக் கருக்கும் மருந்தன்று. இலைக்குள் இறங்கி, சர்க்கரை ஓடும் பாதையிலேயே சென்று, குருத்தின் அடியையும் கணுக்களையும் அடைந்த பிறகுதான், புதுத் திசுவுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் உருவாகாமல் தடுத்துப் புல்லைக் கொல்லும். தண்ணீர் இல்லாத புல்லோ இலையைச் சுருட்டிக்கொள்கிறது. அதன் மெழுகுப் படலம் தடிக்கிறது. இலைத்துளைகள் மூடிச் சர்க்கரை ஓட்டமும் மந்தமாகிறது. குருத்தே வளராமல் நிற்கும்போது, வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துக்கு அங்கே வேலையில்லை.

நான்கைந்து இடங்களில் புல்லின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மருந்து ஏறியிருந்தால் குருத்து எளிதாகக் கையோடு வரும். அடி பழுப்பேறி அழுகியிருக்கும். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் அந்தப் புல் தப்பிவிட்டது என்று கொள்ளுங்கள்.

உள்ளே ஏறாத மருந்தை இரட்டிப்பாக்குவது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும். தங்கள் மணிலாவும் அதே வாட்டத்தில் நிற்பதால், இரட்டை அளவை அது தாங்கும் என்று சொல்ல முடியாது. எனக்குக் கவலை அதைப் பற்றித்தான். இம்மருந்துக்கு ஏற்ற இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தைப் புல்லும் கடந்துவிட்டது. ஆகவே ஒரு தண்ணீர் கட்டி, மண் பதமானதும் களைக்கொட்டால் கொத்திவிடுங்கள். 45 நாளுக்குள் இதை முடித்தாக வேண்டும். பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் விழுது இறங்கிய பிறகு மண்ணைக் கிளறினால் காய் குறையும்.

அடுத்த முறை, பாசனம் செய்து இரண்டு மூன்று நாள் கழித்து, இலை விரிந்து நிற்கும் காலையில், பனி உலர்ந்ததும் ஏக்கருக்கு 300 முதல் 400 மில்லி அளவிலேயே அடியுங்கள். களை முளைக்கும் முன் அடிக்கும் பெண்டிமெத்தலினுக்கும் மண்ணில் ஈரம் வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் கிடந்தால் வெயிலில் ஆவியாகியும் சிதைந்தும் வீணாகும். இமாசிதபைர் என்ற களைக்கொல்லி இதற்கு நேர்மாறானது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஈரமில்லாமல் செயல்படாததால், அம்மருந்து மண்ணிலேயே தங்கி, அடுத்து விதைக்கும் சோளத்தைப் பாதிக்கக்கூடும்.