சேமநிதியைக் குறைத்து டிவிடெண்ட் கூட்ட முடியுமா?

வணக்கம். உங்கள் ஊழியர் கடன் சங்கத்துக்கு 40 லட்சம் நிகர லாபம் வந்தும் டிவிடெண்ட் குறைந்துவிட்டது, இந்த ஒரு வருடம் சேமநிதிக்கு (சங்கம் லாபத்திலிருந்து எடுத்து வைக்கும் ரிசர்வ் நிதி) ஒதுக்காமல் விடப் பொதுக்குழுவில் தீர்மானம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கம் என்று சொல்வதால், உங்களுக்கு 2002-ம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டம்தான் பொருந்தும். அதன் 63-வது பிரிவுப்படி நிகர லாபத்தில் குறைந்தது 25 சதவீதம் சேமநிதிக்கு, எதிர்பாராத நஷ்டத்துக்கென்று தனியாக 10 சதவீதம், கூட்டுறவுக் கல்வி நிதிக்கு 1 சதவீதம். உங்கள் கணக்கில் 10 லட்சம், 4 லட்சம், 40 ஆயிரம். இதில் கை வைக்கப் பொதுக்குழுவுக்கே அதிகாரம் இல்லை. 2023 திருத்தத்தில் வந்த மறுவாழ்வு நிதிக்கும் (நலிந்த சங்கங்களை மீட்பதற்கான நிதி) சில சங்கங்கள் பணம் கட்ட வேண்டும்.

கோபம் புரிகிறது. ஆனால் நாலு பெரிய கடன் வாராக்கடனானால் முதலில் அடி தாங்குவது இந்தப் பணம்தான். இது இல்லையென்றால் ஓய்வுபெற்றவர்களின் டெபாசிட்டில்தான் போய் நிற்கும்.

மீதி சுமார் 25 லட்சம் என்ன ஆனது? அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ஆண்டறிக்கையில் லாபப் பங்கீட்டுப் பக்கத்தை எடுங்கள். கட்டட நிதி, இதர நிதி என்று சட்டம் கேட்பதற்கு மேல் ஒதுக்கியிருந்தால், அந்த வரியைக் குறிப்பிட்டுக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.