மெயில் வெளியே போகிறது, உள்ளே வரவில்லை: காசு கொடுக்க முதல் இதைப் பாருங்கள்

விசுவமடுவில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய டெஸ்க்டொப் ஒன்றில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளை ஏற்றி, தங்கள் கமக்காரர் சங்கத்துக்குச் சொந்த டொமைனில் (இணையப் பெயரில்) மெயில் சேர்வர் வைத்திருக்கிறார். அனுப்பும் மெயில் போகிறது, மூன்று கிழமையாக வருவது ஒன்றும் இல்லை. ரவுட்டர் சிம் போடுகிற வகை. கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் 18,000 ரூபா தந்தால் 'ஸ்டாடிக் ஐபி' (மாறாத இணைய முகவரி) எடுத்துத் தருவதாகச் சொல்கிறாராம். கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். இப்போதைக்கு ஒரு சதமும் வேண்டாம்.

மெயில் போகிறதே என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அனுப்பும்போது உங்கள் சேர்வர் போய் அடுத்தவர் படலையைத் தட்டுகிறது. வரும்போது அவர்கள் வந்து உங்கள் படலையைத் தட்ட வேண்டும், அந்தப் படலைதான் 25ஆம் இலக்க போர்ட் (மெயில் வந்து சேரும் வழி). தட்டுகிற சத்தம் உங்கள் வீட்டுக்குக் கேட்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஜேர்னல்சிடிஎல் கட்டளையால் போஸ்ட்ஃபிக்ஸின் பதிவை ஓடவிட்டுக்கொண்டு (டெபியன் 12இல் பழைய மெயில் லொக் கோப்பு தானாக வராது, அதைத் தேடி நேரத்தை விடாதீர்கள்) ஒரு ஜிமெயிலில் இருந்து உங்களுக்கே ஒன்று அனுப்புங்கள். 'கனெக்ட் ஃப்ரொம்' என்று ஒரு வரி வந்து, பிறகு 'ரிலே அக்சஸ் டினைட்' என்று முடிந்தால் குறை உங்கள் மேசையில்தான் இருக்கிறது: எந்த டொமைனின் மெயிலை ஏற்பது என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் 'மைடெஸ்டினேஷன்' வரியில் டொமைன் பெயர் விடுபட்டிருக்கும், அதைச் சேர்த்தால் சரி.

ஒரு வரியும் வரவில்லையா? போஸ்ட்ஃபிக்ஸின் 'இனெட் இன்டர்ஃபேசஸ்' வரியில் 'லூப்பேக் ஒன்லி' (இந்தக் கணினிக்குள் மட்டும்) என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்து வான் ஐபி (WAN IP, ரவுட்டருக்குக் கம்பனி கொடுத்த முகவரி) என்ற இடத்தைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணாகவோ தொடங்கினால் அந்த முகவரி உங்களுடையது அல்ல. பெரிய வளவு ஒன்றில் பல குடும்பங்களைக் குடிவைத்து ரோட்டுப் பக்கம் ஒரே ஒரு படலையை விட்டமாதிரி, இணைய இணைப்புத் தரும் கம்பனி எல்லோரையும் ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் (வெளியில் இருந்து வரும் தட்டலைச் சேர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எத்தனை முறை போட்டாலும் அந்த வெளிப்படலை திறக்காது. இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒருவரும் சொல்வதில்லை, ஃபோன் எடுத்தால் ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள் என்கிறார்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் அது நாளுக்கு நாலு தரம் தானாகவே நடக்கிறது!

வான் ஐபியும், 'உங்கள் ஐபி இது' என்று சொல்லும் இணையத்தளம் காட்டுகிற ஐபியும் ஒன்றாகவே இருக்கிற ஆட்களும் உண்டு, அவர்களுக்குச் சோதனை வேறு. 25ஐ மட்டும் கம்பனி மறித்திருக்கலாம். 8025 மாதிரி வேறொரு இலக்கத்தை அதே சேர்வரின் 25க்குத் திருப்பிவிட்டு, வெளியில் இருந்து இரண்டையும் தட்டச் சொல்லுங்கள். 8025 திறந்து 25 திறக்காவிட்டால் மறிப்பு அநேகமாகக் கம்பனியுடையது (தட்டுகிறவரின் கம்பனியே 25ஐ மறித்திருக்கலாம், அவரால் வேறொரு மெயில் சேர்வரின் 25ஐத் தட்ட முடிகிறதா என்றும் பாருங்கள்). வெளியில் என்றால் உண்மையாகவே வெளியில். உங்கள் வைஃபையில் இருந்து உங்கள் வெளி முகவரியையே தட்டினால் சில ரவுட்டர்கள் திருப்பி விடும், சில விடாது, இரண்டு வழியிலும் ஏமாறுவீர்கள். வைஃபையை நிறுத்திவிட்டு அதே கம்பனி சிம்மில் பார்ப்பதும் போதாது. வேறு கம்பனி இணைப்புள்ள ஒருவர், வவுனியாவிலோ கொழும்பிலோ இருப்பவர், தட்டிப் பார்க்கட்டும்.

அந்தக் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டாடிக் ஐபி தருவதா இல்லையா என்பது கம்பனியின் முடிவு, நடுவில் நிற்பவர் வாயால் தர முடியாது. சிம் இணைப்புக்கு அது கிடைக்குமா, 25 திறந்திருக்குமா என்று கம்பனியிடமே எழுத்தில் கேளுங்கள். இதைவிடப் பெரிய பொறி, இப்படியான நடுவாட்கள் டொமைனைத் தங்கள் பெயரில் பதிந்துவிட்டு உங்களுக்குக் கடவுச்சொல் தராமல் இருப்பது. ஒரு மாதர் சங்கம் எம்எக்ஸ் பதிவில் (டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் பதிவு) ஒரு வரி மாற்றுவதற்காக ஒவ்வொரு முறையும் காசு கட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கே பாருங்கள்: உங்கள் டொமைன் பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் மெயிலை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது: வாடகை ஹோஸ்டிங் ஒன்றில் சிறிய மெயில்பெட்டி எடுத்து, எம்எக்ஸை அங்கே காட்டுங்கள். வீட்டுச் சேர்வரில் ஃபெட்ச்மெயில் போட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கிருந்து எடுத்துவரச் செய்யுங்கள். இதில் உங்கள் பக்கம்தான் போய்த் தட்டுகிறது, ஆகவே வெளிப்படலை பூட்டியிருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், தவறிய மெயில்கள். அனுப்பும் சேர்வர்கள் வழக்கமாக நாலைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும், பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். உங்களுக்கு மூன்று கிழமை ஆகிவிட்டது. மானியம், விதைநெல் சம்பந்தமாக எழுதக்கூடிய இடங்களுக்கு நாளைக்கே ஃபோன் எடுத்து, மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.