நேரியல் திட்டமிடல் கணக்கில் உகந்த தீர்வு ஏன் முனையிலேயே கிடைக்கிறது?

நேரியல் திட்டமிடல் என்பது, நேர்க்கோட்டு வடிவிலான வரம்புகளுக்கு உட்பட்டு இலாபம் போன்ற ஓர் அளவை உச்சமாக்கும் முறை. அதை வரைபடத்தால் தீர்க்கும்போது முனைப்புள்ளிகளை மட்டும் சோதித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், ஆனால் அதன் காரணத்தை அறிந்துகொள்வதே முக்கியம்.

ஒரு தச்சுப் பட்டறையில் மேசைக்கு 400 ரூபாயும் நாற்காலிக்கு 300 ரூபாயும் இலாபம் கிடைக்கிறது என்க. மெருகூட்ட ஒவ்வொன்றுக்கும் 1 மணி நேரமும், இழைக்க மேசைக்கு 2 மணி, நாற்காலிக்கு 1 மணி நேரமும் தேவை. கையிருப்பு முறையே 12, 16 மணி நேரம். மேசைகளை ‘மே’ என்றும் நாற்காலிகளை ‘நா’ என்றும் குறித்தால், மே + நா ≤ 12, 2மே + நா ≤ 16 என்னும் கோடுகளும் இரு அச்சுகளும் சூழ்ந்த நாற்கரமே ஏற்புடைய பகுதி, அதாவது எல்லா வரம்புகளுக்கும் உட்பட்ட புள்ளிகளின் தொகுப்பு ஆகும்.

இப்போது 400மே + 300நா என்பதை ஒரு மாறிலிக்குச் சமப்படுத்திக் கோடு வரைந்து, சாய்வு மாறாமல் ஆதிப்புள்ளியிலிருந்து விலக்கி நகர்த்துங்கள். இலாபம் கூடிக்கொண்டே போகும்; அக்கோடு பகுதியைவிட்டு நீங்குமுன் கடைசியாகத் தொடும் இடம், பகுதியின் எல்லைகள் நேர்க்கோடுகளாக இருப்பதால், ஒரு முனையாகவோ, இரு முனைகளை இணைக்கும் முழு விளிம்பாகவோதான் அமையும்; எப்படியும் ஒரு முனை அதில் இருக்கும். இங்கு (0, 0), (8, 0), (4, 8), (0, 12) ஆகிய முனைகளில் இலாபம் முறையே 0, 3200, 4000, 3600 ரூபாய். எனவே 4 மேசைகளும் 8 நாற்காலிகளும் செய்வதே உகந்தது.

மேசையின் இலாபம் 600 ரூபாயானால், இலாபக் கோடு இழைப்புக் கோட்டுக்கு (2மே + நா = 16) இணையாகி, (4, 8), (8, 0) ஆகியவற்றை இணைக்கும் விளிம்பின் எல்லாப் புள்ளிகளும் 4800 ரூபாயே தரும். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த நிலையைத்தான். மாறிகள் மூன்றைத் தாண்டினால் படம் உதவாது. 1947-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை, இதே முனைகளை இயற்கணித வழியில் ஒவ்வொன்றாகக் கடந்து செல்கிறது.