எட்டுக் காளியும் பட்டவராயன் செருப்பும்

கேள்வி: 'சுழல்' வெப் சீரிஸின் இரண்டாம் சீசன் பார்த்தேன். கொன்றது யார் என்று சொல்லிவிட்டுப் போகாமல் எட்டுப் பெண்கள், எட்டுக் காளி, வேஷம், கொட்டு என்று இழுக்கிறார்கள். கேட்டால் குறியீடாம்! குலசை (குலசேகரப்பட்டினம்) தசராவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வெளிநாட்டு வியாதி எதற்கு? முதல் சீசனையும் பார்க்கச் சொல்கிறான் என் மகன். பார்க்கலாமா?
- ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: அண்ணாச்சி, வீரவநல்லூரில் உட்கார்ந்துகொண்டு குறியீட்டை வெளிநாட்டு வியாதி என்கிறீர்களே, இது உங்களுக்கே அடுக்குமா? அங்கிருந்து மேற்கே பாபநாசம் மலையேறினால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே பட்டவராயனுக்கு என்ன காணிக்கை? செருப்பு. ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருமுறையாவது இருந்திருப்பீர்கள்.

அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். அவன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். அதுவும் ஒரு கொலைக் கதைதான். மாடு களவு போகிறது, மீட்கப் போனவன் சண்டையில் ஜெயிக்கிறான், ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். கொன்றவன் யார் என்பது வில் கட்டும் முன்பே கேட்க வந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்களே, எதற்கு?

முத்துப்பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்படுகிறான். அப்பன் வாலப்பகடை லேசில் மசியவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, உன் கையால் செருப்புத் தைத்துக் கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்கிறான். பட்டன் தைத்துக் கொண்டு வருகிறான். பெண் தருவதற்கு நிபந்தனையாகக் கதைக்குள் வந்த செருப்பு, அவன் செத்துத் தெய்வமான பிறகு காணிக்கையாகிவிட்டது. காணிக்கையாகக் கட்டிய செருப்பு தேய்ந்துபோகும், பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறான் என்று சொல்வார்கள். செருப்பின் உட்பொருள் இன்னது என்று எந்தப் புலவரும் நடுவில் நிறுத்தி விளக்கவில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். மாட்டுத் தகராறில் ஒரு வெட்டுக்குத்து, அவ்வளவுதான் மிஞ்சும்.

'சுழலை'யும் இதே மாதிரி உரசிப் பார்ப்போம். 2025-ல் வந்த இரண்டாம் சீசனில் வழக்கறிஞர் செல்லப்பா கொலையாகிறார். எட்டு இளம்பெண்கள், நான்தான் கொன்றேன் என்று ஆளாளுக்குச் சரணடைகிறார்கள். ஊர் காளிப்பட்டணம், கற்பனை ஊர். அங்கே அஷ்டகாளித் திருவிழா நடக்கிறது. அது நம் குலசை முத்தாரம்மன் தசராவை நினைவூட்டாமல் இருக்காது.

குலசையில் காளி வேஷம் கட்டுகிறவர் மாலை போட்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, சடைமுடியும் கிரீடமும் ஏற்றிய பிறகு அவரை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டு நீங்கள் பார்த்ததுண்டா? நேற்றுவரை டீக்கடையில் வம்பளந்தவர், இன்று வாசலில் வந்து நின்றால் "அம்மா வந்திருக்கா" என்று காணிக்கை போடுகிறோம். வேஷம் ஆளின் பேரை அழித்துவிடுகிறது. போலீஸின் வேலை அதற்கு நேர் எதிர். குற்றப்பத்திரிகைக்கு அவர்களுக்கு ஒரு பேர் வேண்டும், அப்பன் பேர் வேண்டும், வயசு வேண்டும். எட்டுப் பேர் ஒரே குற்றத்தை ஏற்றுக்கொண்டால் விசாரணை எதைப் பிடித்துக்கொண்டு நகரும்? திருவிழா அந்தக் கதையின் முடிச்சுக்குள்ளேயே இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். காளியை எடுத்துவிட்டால் எட்டு என்ற கணக்குக்கே அர்த்தமில்லை.

உங்கள் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. கொட்டு முழங்க ஆட்டத்தை ஒரு பக்கமும் விசாரணையை ஒரு பக்கமும் வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். முதல் தடவை புல்லரிக்கிறது. திரும்பத் திரும்ப வரும்போது, "புரிந்ததா, புரிந்ததா" என்று தோளைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. நமக்கு ஒரு தட்டு போதாதா!

உங்களை இன்னும் வெறுப்பேற்றியிருக்கக்கூடியவர்கள் உரை எழுதுகிறவர்கள். சீரியலில் சிவப்புச் சேலை வந்தால் ரத்தம், ஜன்னல் வந்தால் சிறை என்று கண்டதற்கெல்லாம் பொழிப்புரை. 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்க சீரிஸ் (2008-2013) வந்தபோதும் யார் எந்தக் கலர் சட்டை போட்டார் என்று அட்டவணையே போட்டார்கள். அதில் கதாநாயகன் வால்டரின் நீச்சல் குளத்தில் ஒற்றைக் கண்ணோடு மிதக்கும் ரோஸ் நிறக் கரடிப் பொம்மையின் சங்கதி வேறு. கண்ணெதிரே ஒரு பெண் மூச்சுத் திணறிச் சாவதை வால்டர் தடுக்காமல் நிற்கிறார். அவள் அப்பா விமானக் கட்டுப்பாட்டு அதிகாரி. மகளை இழந்த துக்கத்தில் அவர் கவனம் பிசக, இரண்டு விமானங்கள் நடுவானில் மோதுகின்றன. அதிலிருந்துதான் பொம்மை வந்து குளத்தில் விழுகிறது. செய்த பாவம் செய்தவன் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே வந்து மிதக்கிறது. இதற்குச் சட்டை அட்டவணையா வேண்டும்?

அப்புறம் உங்கள் மகன் சொன்ன முதல் சீசன் (2022). அதில் சாம்பலூர், சிமெண்ட் ஆலைத் தீ, காணாமல்போன பெண். திருவிழா மயானக் கொள்ளை. அது மேல்மலையனூர்ப் பக்கத்து அங்காளம்மன் சமாச்சாரம், நம்மூர் ஆட்களுக்குக் கொஞ்சம் அந்நியமாகத்தான் தெரியும். ஆனாலும் தாராளமாகப் பாருங்கள். உண்மையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாவதுக்கு வந்திருக்க வேண்டும். இரண்டாம் சீசனில் வரும் நந்தினி எதற்காகச் சிறையில் இருக்கிறாள் என்பது அங்கேதான் இருக்கிறது.